பேனாட் அண்ணை துப்புரவாக்கிய குடா

எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேருக்கு வெட்கம் என்பது மற்றவன் பார்த்தால் வருவது. யாரும் பார்க்கவில்லை என்றால் மீசையில் மண் ஒட்டவில்லை என்று போய்விடுவோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பேனாட் அண்ணைக்கு மட்டும் யாருமே பார்க்காத ஒரு காரியத்துக்காக வெட்கம் வந்தது. வந்தது போகாமல் வருடக்கணக்காக அவருக்குள் குந்தியிருந்தது.

அவர் மன்னாரில் பேசாலை ஆள். கரையில் நின்று வலை இழுக்கும் கரைவலைக் குடும்பம். டென்மார்க்கில், ஓல்போர்க் நகரத்தில், மீன் வெட்டும் தொழிற்சாலையில் நானும் அவரும் ஒரே மேசையில் நின்றோம். நான் வெங்காயத் தோட்டக்காரன் மகன், கடலென்றால் கணுக்கால் வரைதான். "சபாரத்தினம், நீ மீனை மரக்கறி மாதிரி வெட்டுறாய்" என்று என்னைப் பகிடி பண்ணுவார். அவருடைய கத்தி முள்ளைத் தொட்டுக்கொண்டே போகும். மேற்பார்வையாளர் புதிதாக வரும் டேனிஷ்காரர்களை அவர் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துவார்.

பேனாட் அண்ணையின் மனைவி யசிந்தாவும் சின்னஞ்சிறு மகள் கிளோறியாவும் அப்போது நீர்கொழும்பில் ஒரு சொந்தக்காரர் வீட்டின் பின்னறையில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட பேனாட் அண்ணை விண்ணப்பம் போட்டிருந்தார். அந்தக் காலத்தில் எங்கள் எல்லோருக்கும் ஒரே பதில்தான் வந்தது: பார்க்கிறோம், பொறுத்திருங்கள். ஏன் பொறுக்கவேண்டும் என்று யாருக்கும் தெரியாது. சிலர் தங்கள் கடதாசியில் பிழை என்றார்கள், சிலர் கிரகம் சரியில்லை என்றார்கள்.

கையும் மனமும் சும்மா இருக்க மாட்டாத மனிதன், விடுமுறை நாட்களில் பஸ் பிடித்து ஃபியோர்ட் என்கிற நீண்ட கடல்நீரேரிக் கரைக்குப் போகத் தொடங்கினார். ஓல்போர்க்குக்குக் கிழக்கே ஒரு சின்னக் குடா. பெயரைச் சொல்ல மாட்டேன், அங்கே இன்னும் அதே ஆட்கள் இருக்கிறார்கள். தார் பூசிய சில கொட்டில்கள், ஒரு மரத்துறை, கொஞ்ச மரவள்ளங்கள். அங்கே ஸ்வென் என்றொரு கிழவர் விலாங்கு பிடிப்பவர். மனைவி செத்துப் போய்விட்டா. ஹென்றிக் என்ற ஒரே மகனும் அவனுடைய குடும்பமும் பக்கத்து வீட்டில். பேனாட் அண்ணை முதல் நாள் துறையில் நின்று வேடிக்கை பார்த்தார், இரண்டாம் தடவை கயிறு பிடித்தார், மூன்றாம் தடவை ஸ்வென் அவருக்கு ஒரு சோடி ரப்பர் சப்பாத்துக் கொடுத்துவிட்டார். பேச்சுக்குப் பெரிதாக வேலை இருக்கவில்லை.

அந்தக் குடாவில் ஒரு வழக்கம் இருந்தது. உள்ளே யாரும் நங்கூரம் போடக்கூடாது. அதற்கென்று மிதவைகள் விட்டிருப்பார்கள், வள்ளத்தை அதில்தான் கட்டவேண்டும். குடாவின் வாயைத் தாண்டினதும் எஞ்சினை நிறுத்திவிட்டுத் துடுப்புப் போட்டு வருவார்கள். எழுதி ஒட்டிய சட்டம் ஒன்றும் இல்லை, ஆனால் மீறியவனோடு துறையில் ஒருவரும் கதைக்க மாட்டார்கள். காரணம் அடியில் இருந்த புல். எங்கள் ஊரில் சாதாளை என்போமே, அந்த மாதிரி நீளமான கடற்புல், குடாவின் தரை முழுக்க வயல் மாதிரி. மீன் குஞ்சும் விலாங்கும் அதற்குள்தான் ஒளித்து வளரும். நங்கூரம் இழுத்தால் புல் வேரோடு வரும், பிறகு முளைக்க வருடங்கள் எடுக்கும்.

பேனாட் அண்ணை வழக்கத்தை முதல் நாளே கைக்கொண்டார். காரணத்தை அவர் தன்பாட்டில் விளங்கிக்கொண்டார். நங்கூரம் புல்லில் சிக்கிக்கொண்டு தொல்லை தருவதால்தான் இவர்கள் மிதவையில் கட்டுகிறார்கள் என்று நினைத்தார். அதற்குத் தோதாக ஸ்வென் ஒவ்வொரு காலையும் வலையில் சுற்றிய புல்லைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தபடி அதைத் திட்டுவார். நாங்கள் சோற்றில் கல் வந்தால் அரிசியைத் திட்டுகிற மாதிரியான திட்டு அது. பேனாட் அண்ணைக்கு அது உண்மையான வெறுப்பாகப் பட்டது.

ஏனென்றால் கரைவலைக்காரனுக்குப் புல் எதிரி. வலை இழுக்கும் இடத்தைப் பாடு என்பார்கள். பருவம் தொடங்க முன்னர் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி ஆட்களை இறக்கி, பாட்டில் உள்ள கல்லையும் பவளமுருகையையும் புல்லையும் துப்புரவாக அகற்றுவார். வெறும் மணலாகக் கிடந்தால்தான் வலையின் மடி கிழியாமல் வரும். பேனாட் அண்ணையின் தகப்பன் துப்புரவாக்கிய பாடு நூல் பிடித்தது மாதிரி நேராக இருக்குமாம். குப்பையான பாடு வைத்திருப்பவனைச் சோம்பேறி என்று ஊர் சிரிக்கும்.

எண்பத்தெட்டாம் ஆண்டு ஆனி மாதம், ஸ்வென்னுக்கு இடுப்பு எலும்பில் சத்திரசிகிச்சை. ஓல்போர்க் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். யசிந்தாவின் விண்ணப்பத்துக்காக மாதாமாதம் கோப்பன்ஹேகனுக்குத் தொலைபேசி எடுத்துச் சண்டை பிடிக்கிற ஒரே டேனிஷ்காரர் அவர்தான். அந்த மனிதனுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று பேனாட் அண்ணைக்குக் கை துடித்தது. பூங்கொத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார், அது போதாது என்று பட்டது.

பிரதீபன் என்று எங்களோடு வேலை செய்த ஒரு பொடியன் பழைய ஒப்பல் கார் ஒன்று வைத்திருந்தான். குப்பை மேட்டில் கிடந்த இரும்புக் கட்டில் சட்டம் ஒன்றை இரண்டு பேரும் எடுத்தார்கள். சங்கிலி கட்டி, கல் ஏற்றி, நீளக் கயிறு போட்டார்கள். சங்க்ட் ஹான்ஸ் மாலை, அதாவது ஸ்நாபக அருளப்பர் திருநாளுக்கு முதல் நாள், ஊரே நெருப்புக் கொளுத்துகிற இடத்துக்குப் போயிருந்தது. டென்மார்க்கில் அந்தப் பருவத்தில் சூரியன் மறைய மனமில்லாமல் நிற்கும், நல்ல வெளிச்சம். பேனாட் அண்ணை வள்ளத்தில் கட்டில் சட்டத்தைக் கொண்டுபோய் ஆழத்தில் இறக்குவார், பிரதீபன் கரையில் காரை ஓட்டி இழுப்பான். திரும்பவும் கொண்டுபோவார், திரும்பவும் இழுப்பான். அடுத்தடுத்த கோடுகள், ஒன்றோடொன்று ஒட்டி. முடித்தபோது குடாவின் நடுவே கரையிலிருந்து ஆழம் வரை ஒரு வெள்ளை மணல் பாதை. பிடுங்கிய புல்லைக் காற்று வெளியே கொண்டுபோய்விட்டது. கட்டில் சட்டம் குப்பை மேட்டுக்குத் திரும்பிப் போனது.

"அண்ணை, கிழவன் கண்டால் உங்களைக் கட்டிப் பிடிப்பான்" என்றானாம் பிரதீபன். அவன் அந்தக் கோடையே கோப்பன்ஹேகன் பக்கத்துப் புரொண்பிக்கு வேலை மாறிப் போய்விட்டான். அதைப் பற்றி அதன் பிறகு அவன் நினைத்திருக்கவே மாட்டான்.

ஸ்வென் வீட்டுக்கு வந்த நாள் பேனாட் அண்ணை மீன் கட்லட் பொரித்துக்கொண்டு போனார். "நான் துப்புரவாக்கி வைச்சிருக்கிறன்" என்று டேனிஷில் சொல்லப் பாடமாக்கியும் வைத்திருந்தார். கிழவர் ஊன்றுகோலோடு மேட்டில் நின்று கீழே குடாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேட்டிலிருந்து பார்த்தால் பச்சைக்கு நடுவே அந்த வெள்ளைக் கோடு தெளிவாகத் தெரியும். பேனாட் அண்ணை சிரித்த முகத்தோடு பக்கத்தில் போய் நின்றார்.

கிழவர் அழுதுகொண்டிருந்தார். பேனாட் அண்ணையின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒரே ஒரு பெயரைச் சொன்னார்: ஹென்றிக்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. ஹென்றிக் அந்த வருடம்தான் ஃபியோர்ட்டின் மேற்குப் பக்கத்தில் மட்டி வாரும் படகொன்றில் சேர்ந்திருந்தான். இரும்புக் கூடையைத் தரையில் இழுத்து மட்டி வாருகிற வேலை. குடாவின் புல்லுக்கு அடியிலும் நல்ல மட்டி இருக்கிறது என்று ஒருமுறை தகப்பனிடம் வாய் விட்டிருந்தான். தகப்பன் ஆஸ்பத்திரியில் இருந்த நேரம் பார்த்து வாரிவிட்டான் என்று ஊர் முடிவு கட்டியது. ஹென்றிக் இல்லை என்றான். யார் நம்புவார்கள்?

துறைக் கொட்டிலில் கூட்டம் வைத்தார்கள். பேனாட் அண்ணையும் போயிருந்தார். அவருக்கு டேனிஷ் பாதிதான் விளங்கும், ஆனால் அன்றைக்கு எல்லாம் விளங்கிற்றாம். ஹென்றிக்கின் மிதவையை எடுத்துவிடுவது என்று தீர்மானமாயிற்று. பிறகு ஸ்வென் எழும்பி, எல்லோருக்கும் முன்னால் பேனாட் அண்ணையைக் காட்டினார். "இந்த மனிசனைப் பாருங்கோ. எங்கேயோ இருந்து வந்தவன், ஒரு நாளாவது உள்ளுக்கு நங்கூரம் போட்டிருக்கிறானோ? எங்கட புல்லுக்கு மரியாதை தர இவனுக்குத் தெரியுது. என்ர சொந்த மகனுக்குத் தெரியேல்லை." எல்லோரும் பேனாட் அண்ணைக்காகக் கை தட்டினார்கள். ஹென்றிக் அவரைப் பார்த்தான். கோபமாகக்கூட இல்லை, சும்மா பார்த்தானாம்.

அந்த இடத்தில் பேனாட் அண்ணை வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. இந்த மனிதன் தொலைபேசி எடுக்காவிட்டால் யசிந்தா எப்படி வருவாள் என்று ஒரு பயம். விசயம் பொலிசுக்குப் போனால் விண்ணப்பத்தில் ஒரு கரும்புள்ளி விழும் என்று இன்னொரு பயம். யசிந்தா வந்து இறங்கட்டும், அடுத்த நாளே சொல்லிவிடுவேன் என்று தனக்குத்தானே சத்தியம் பண்ணிக்கொண்டார். மாதம் முடிவதற்குள் ஹென்றிக் வள்ளத்தை விற்றுவிட்டு, மனைவியையும் கைக்குழந்தை ஈடாவையும் கூட்டிக்கொண்டு சில்க்போர்க்குக்குப் போய்விட்டான். அங்கே ஏரிப் படகுகளுக்கு எஞ்சின் திருத்துகிறான் என்று கேள்வி. தகப்பனும் மகனும் அதோடு பேச்சை விட்டார்கள்.

யசிந்தாவின் விண்ணப்பத்துக்கோ இன்னும் பதில் வரவில்லை. ஒவ்வொரு முறையும் ஸ்வென் தொலைபேசியை வைத்துவிட்டுத் தலையை ஆட்டும்போது பேனாட் அண்ணைக்கு உள்ளே குளிரும். யாரோ அன்றைக்குக் கண்டிருக்கிறார்கள், மேலிடத்துக்குச் சொல்லியிருக்கிறார்கள், அதனால்தான் இழுத்தடிக்கிறார்கள் என்று அவர் உறுதியாக நம்பினார். எங்கள் எல்லோருக்கும்தான் இழுபட்டது. ஆனால் குற்றம் செய்தவனுக்கு ஊரோடு வந்த மழையும் தனக்காகப் பெய்வதாகத்தானே தோன்றும். ஓல்போர்க் தேவாலயத்தில் ஒருமுறை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். கோபப்பட்டேன், பொய் சொன்னேன் என்று சில்லறைப் பாவங்களைச் சொல்லிவிட்டு எழும்பி வந்தாராம். அதற்குப் பிறகு நற்கருணை வாங்குவதையும் விட்டார். சைவக்காரனான எனக்கு அதன் பாரம் அப்போது தெரியாது. அவர் சோம்பலால்தான் நற்கருணைக்குப் போகிறாரில்லை என்று நினைத்துப் பகிடி பண்ணினேன்.

எண்பத்தொன்பது முடிகிற நேரம் ஒரு வழியாக அனுமதி வந்தது. விமான நிலையத்துக்கு ஸ்வென்தான் முதலில் போய் நின்றார், கையில் டேனிஷ்காரர் வழக்கப்படி சின்னக் கொடி. கிளோறியாவைத் தூக்கிக்கொண்டு அவரே வெளியே வந்தார். அடுத்த நாள் சொல்லிவிடுவேன் என்ற சத்தியத்தைப் பேனாட் அண்ணை அங்கேயே, அந்தக் கொடியைப் பார்த்துக்கொண்டே விழுங்கினார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் ஸ்வென் அவர்கள் வீட்டில்தான். யசிந்தா அவருக்காக உறைப்புக் குறைத்து நண்டுக் கறி வைப்பா. கிளோறியா பள்ளிக்கூடம் போய் டேனிஷ் பிடித்ததும் அவரை பெஸ்தஃபா என்று கூப்பிடத் தொடங்கினாள், தாத்தா என்று. கிழவருக்கு முகமெல்லாம் பூரிக்கும். ஒருமுறை அவளுடைய உயரத்தைக் கையால் அளந்து பார்த்துவிட்டு, "ஈடாவும் இப்ப இவ்வளவு வளர்ந்திருப்பாள்" என்றார். பேனாட் அண்ணை தண்ணீர் எடுப்பது போல எழும்பிக் குசினிக்குப் போய்விட்டார். நானும் அன்றைக்கு அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மனிதன் திரும்பி வர நேரம் எடுத்தது, கையில் தண்ணீரும் இல்லை.

தொண்ணூற்று மூன்று தை மாதம், தொலைக்காட்சியில் வேறு பேச்சே இல்லை. எங்கள் குடும்பங்களின் விண்ணப்பங்கள் ஏன் கிடப்பில் கிடந்தன என்று விசாரித்த அறிக்கை வெளியே வந்துவிட்டது. சட்டத்துக்கு மாறாக அமைச்சர் ஒருவர்தான் அவற்றைத் தொடாமல் வைக்கச் சொல்லியிருந்தார். பிரதமரும் பதவி விலகினார். இந்தச் சின்ன நாட்டில் அரசாங்கமே எங்கள் பெயரால் விழுந்துவிட்டது என்று பிரதீபன் புரொண்பியிலிருந்து தொலைபேசி எடுத்துக் குதித்தான். நான் பேனாட் அண்ணையின் வீட்டில் இருந்தேன். எனக்கு ஆத்திரமும் சந்தோசமும் ஒன்றாக வந்தன. என் மனைவியும் அந்தக் கிடப்பில் கிடந்தவள்தானே.

பேனாட் அண்ணை தொலைக்காட்சியை நிறுத்தினார். "அப்ப, அது என்னால இல்லையோ?" என்றார்.

"எது?" என்றா யசிந்தா.

அப்போதுதான் சொன்னார். கட்டில் சட்டம், கயிறு, கூட்டம், கைதட்டல், எல்லாம். தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அணைந்த தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யசிந்தா அவசரப்படாத பெண். கேட்டு முடித்துவிட்டு ஒரு கேள்விதான் கேட்டா.

"நான் வரவேணும் எண்டு வாயை மூடினீங்கள். சரி. நான் வந்த பிறகு ஏன் சொல்லேல்லை?"

"அந்த மனிசன்ர முகத்தில பிறகு எப்பிடி முழிக்கிறது" என்றார்.

"இவ்வளவு நாளும் முழிச்சுக்கொண்டுதானே இருந்தீங்கள்" என்றா யசிந்தா. எழும்பிப் போய் அவருடைய தடிச்சட்டையை எடுத்துக்கொண்டு வந்து கையில் கொடுத்தா. எனக்குக் கார் ஓட்டும் வேலை.

ஸ்வென் குசினியில் எங்களுக்குக் கோப்பி வைத்தார். அவரும் தொலைக்காட்சி பார்த்திருந்தார், அமைச்சரைத் திட்டிக்கொண்டிருந்தார். பேனாட் அண்ணை கோப்பியைத் தொடவில்லை. தன் உடைந்த டேனிஷில், ஒரு சொல் விடாமல் சொன்னார். உங்களுக்கு நல்லது என்று நினைத்துத்தான் செய்தேன் என்றும் சொல்லத் தொடங்கினார், பாதியில் விட்டுவிட்டார். அதைச் சொல்ல அவருக்கே கூச்சமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

கிழவர் கத்தவில்லை. எழும்பிச் சுவரிலிருந்த தொலைபேசியைக் கையில் எடுத்தார். இத்தனை வருடம் அழைக்காத எண்ணை எங்கும் பார்க்காமல் சுழற்றினார், விரல் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. மணி அடிக்கத் தொடங்கியதும் பேனாட் அண்ணையிடம் நீட்டினார். "நீ சொல்லு" என்றார்.

"நான் பேனாட். குடாவில புல்லை இழுத்தது நான். நீ இல்லை."

மற்றப் பக்கத்தில் ஹென்றிக் கதைத்தான், நான் இருந்த இடத்துக்கும் கேட்டது. "நான் இல்லை எண்டு எனக்குத் தெரியும்" என்றான். பிறகு, "அப்பா பக்கத்தில நிக்கிறாரோ? அவருக்குச் சொல்லு, நான் அப்பவே சொன்னனான் எண்டு."

பேனாட் அண்ணை திரும்பி அதைச் சொன்னார்.

"ஓம்" என்றார் ஸ்வென். "அவன் சொன்னவன்." தொலைபேசியை வாங்கக் கையை நீட்டினார். வாங்காமலே நாற்காலியில் இருந்துவிட்டார். அந்தக் குசினியில் வெட்கப்பட்டவர் அன்றைக்கு ஒருவர் மட்டும் இல்லை. தொலைபேசி பேனாட் அண்ணையின் கையில் திறந்தபடியே இருந்தது. கடைசியில் கிழவர் அதை வாங்கினார், வாங்கியபடி எங்களைப் பார்த்து, "இண்டைக்குப் போங்கோ" என்றார். வாசலைத் தாண்டும்போது மகனின் பெயரை அவர் சொல்வது கேட்டது.

அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. பேனாட் அண்ணை துறைப் பக்கம் போகவில்லை. தொழிற்சாலையில் கத்தி நழுவி விரலை வெட்டிக்கொண்டார், அவரை அப்படி நான் கண்டதில்லை. ஈஸ்டர் என்கிற உயிர்ப்பு ஞாயிறுக்கு முதல் நாள் ஸ்வென் தொலைபேசி எடுத்தார். எல்லோரும் வாருங்கள் என்றார், ஒரு வார்த்தை கூட அதிகமாக இல்லை. காரோட்டி என்ற முறையில் நானும் போனேன்.

துறையில் ஹென்றிக் நின்றான். யசிந்தாவுக்குக் கை கொடுத்தான், எனக்கும் கொடுத்தான். பேனாட் அண்ணைக்கு வள்ளத்தைக் காட்டினான். இருவரும் ஏறினார்கள். எஞ்சின் போடவில்லை, துடுப்புத்தான். அந்த வெள்ளைக் கோட்டுக்கு மேலே போனதும் ஹென்றிக் வள்ளத்து ஓரத்தில் குனிந்து தண்ணீருக்குள் பார்த்தான். குளிர் இன்னும் விடாத தண்ணீர் கண்ணாடி மாதிரி, அடி தெரியும். மணல் இன்னும் வெறுமையாகத்தான் கிடந்தது. ஓரங்களில் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புல் உள்ளே வரப் பார்த்தது.

"நேரா இழுத்திருக்கிறாய்" என்றானாம் ஹென்றிக். அவன் சிரிக்கவில்லை. "மட்டிக் கூடை இவ்வளவு நேரா இழுக்காது. அதையாவது ஒருத்தரும் யோசிக்கேல்லை."

"அவன் எனக்கு ரெண்டு அடி போட்டிருக்கலாம்" என்று பேனாட் அண்ணை பிறகு என்னிடம் சொன்னார். தன் தகப்பனுக்கு ஊரில் பெயர் வாங்கித் தந்த அந்த நேர்க்கோட்டை நினைத்து அவர் அன்றைக்குப் போல ஒருநாளும் கூசியதில்லையாம்.

அவர்கள் திரும்பி வந்து மிதவையில் வள்ளத்தைக் கட்டிவிட்டு, சின்னத் தோணியில் துறைக்கு வந்தபோது, அங்கே ஒரு சண்டை. கிளோறியாவும் ஹென்றிக் கூட்டிவந்த ஈடாவும் ஸ்வென்னின் இரண்டு பக்கத்திலும் நின்றார்கள். "இவர் என்ர பெஸ்தஃபா" என்று கிளோறியா டேனிஷில் சொன்னாள். ஈடா உரிமையோடு சத்தம் போடத் தெரியாத பிள்ளை, அந்த மனிதனை அவளுக்குச் சரியாகத் தெரியவும் தெரியாது. ஸ்வென்னின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு, யாராவது சொல்லட்டும் என்று தகப்பனைப் பார்த்தாள். யசிந்தா வாயைத் திறக்கப் போய் நிறுத்திக்கொண்டா.

பேனாட் அண்ணை துறையில் ஏறி, ஈரச் சப்பாத்தோடு மகளுக்கு முன்னால் குந்தினார்.

"இல்லையம்மா" என்றார். "அவர் அந்தப் பிள்ளையின்ர பெஸ்தஃபா."

கிளோறியா டேனிஷில் ஏன் என்று கேட்டாள்.

அவர் ஒருமுறை யசிந்தாவைப் பார்த்தார். பிறகு மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, தமிழில், கட்டில் சட்டத்திலிருந்து தொடங்கிச் சொன்னார்.